பொலோனியமும் ஜிந்துப்பிட்டியமும்

அந்த மனிதர் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் கையில் இருப்பதை மேசையில் ஓங்கி வைப்பேன். வயதினால் வரும் சிடுசிடுப்பு என்று என் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது வேறு.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி அறை. முதல் நாள் செய்த பரிசோதனையின் அழுகிய முட்டை நாற்றம் திரைச்சீலைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேசைகளில் ஸ்பிரிட் விளக்குகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தோம். கல்வி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதற்காக எங்கள் நகங்களைக்கூடப் பரிசோதித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

அவர் வெள்ளைக் கோட்டும் காற்சட்டையுமாகச் சுவரில் தொங்கிய மூலக அட்டவணையின் முன் நின்றார். கையிலிருந்த பிரம்பால் ஒரு கட்டத்தைத் தொட்டார்.

“இது என்ன?”

என் பக்கத்தில் இருந்த லெட்சுமி எழுந்தாள். “பொலோனியம், சேர்.”

“ஏன் அந்தப் பெயர்?”

“போலந்து நாட்டின் பெயர், சேர். அதைக் கண்டுபிடித்த அம்மையார் பிறந்த நாடு.”

“நல்லது” என்று தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். ஜிந்துப்பிட்டி என்றாள். தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்டார். ரெயில்வேயில் தண்டவாள வேலை என்றாள். அவர் அவளை மறுபடியும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“நீ நாளைக்கு ஒரு மூலகத்தைக் கண்டுபிடித்தால் எந்த நாட்டின் பெயரை வைப்பாய்?”

அவள் வாய் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார்.

“உங்களுக்கு ஏது நாடு? வந்த கப்பலின் பெயரைத்தான் வைக்க வேண்டும்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரிய மனிதர் சிரித்தால் கூடச் சிரிப்பதற்கென்றே சிலர் எங்கும் இருப்பார்கள். எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள்.

பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அதனால் இதை வாசிப்பவர்கள் ஒரு வெள்ளைக்காரரை மனதில் நிறுத்தியிருப்பீர்கள். இல்லை. அவர் தமிழர். காலையில் பூசிய திருநீறு வியர்வையில் கலைந்து நெற்றியில் தெரிந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து சில ஒழுங்கைகள் தள்ளித்தான் அவருடைய வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வி ஒப்பீசில் கிளாக்கராக இருந்த என் அப்பாவோடு எங்கள் விறாந்தையில் இருந்து பேப்பர் வாசிப்பார். நானே அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளைக்காரர் சொல்லியிருந்தால் என் கோபம் இத்தனை காலம் நின்றிருக்குமோ தெரியாது.

ஓமும் ஆமாவும்

லெட்சுமியைப் பற்றி முன்பு வேறொரு கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். அவளை ஒரு வரியில் தாண்டக்கூடாது.

நான் வெள்ளவத்தையில் ரெயில் ஏறி, கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ட்ராம் பிடித்துப் பள்ளிக்கூடம் வருவேன். ட்ராமால் இறங்கி நடக்கும் வழியில், ஒரு சந்து முனையில் அவள் நிற்பாள். வெயிலோ மழையோ, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி நிற்பாள். குடை கிடையாது. மழையென்றால் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவள் நனைவாள்.

“கனநேரம் நிண்டனியே?” என்று நான் கேட்பேன்.

“ஆமா. ஓம்ம்ம்…” என்று என்னைப் பழிப்பாள். நான் ஓம் என்பதும் அவள் ஆமா என்பதும் எங்களுக்குள் ஓயாத பகிடி. கணக்கில் அவள் எனக்குச் சொல்லித் தருவாள். இங்கிலீஷ் கட்டுரை எழுத நான் அவளுக்கு உதவுவேன். அவளுடைய அம்மா விடியற்காலையில் தோசை சுட்டு விற்பவர். வாழையிலையில் சுற்றிய இரண்டு தோசை எனக்கென்று தனியாக வரும். மிளகாய்ச் சட்னி காது வரைக்கும் எரியும்.

அவர்களுடைய வீடு ஒரே அறை. குழாயடியில் வாளிச் சத்தம், பக்கத்து முருகன் கோயிலின் சாம்பிராணி வாசம், எதிர் வீட்டுக் குழந்தையின் அழுகை, எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் சம்மணமிட்டிருந்து படிப்பாள். மருந்து கலக்கும் டிஸ்பென்சர் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. பள்ளியின் கடைசிப் பரீட்சையான சீனியர் சோதனைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன.

அந்த வருடந்தான் ஒரு கதை அடிபடத் தொடங்கியது. அரசாங்க வேலைகளில் அன்றாடச் சம்பளத்துக்கு இருக்கும் இந்தியாக்காரரை நிறுத்தப் போகிறார்களாம், கப்பலேற்றப் போகிறார்களாம். தேர்தல் மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். எங்கள் விறாந்தையில் அப்பாவும் இன்ஸ்பெக்டரும் அதை வாசித்துத் தலையாட்டினார்கள். லெட்சுமியின் அப்பா இந்தியாவிலிருந்து வந்த அப்படியான ஒரு அன்றாடச் சம்பளக்காரர். நான் பிறக்கும் முன்பிருந்தே கொழும்புத் தண்டவாளங்களில் வேலை செய்தவர். நான் ஒவ்வொரு நாளும் வந்து போன பாதையும் அவரைப் போன்றவர்கள் திருத்திய பாதைதான்.

இல்லாத நாட்டின் பெயர்

பொலோனியத்தின் கதையை எங்களுக்குச் சொன்னவர் மிஸ் டோரதி. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிப் பெண்மணி. மெல்லிய குரல். பாடம் நடத்தும்போது மட்டும் அந்தக் குரலுக்கு எங்கிருந்தோ பலம் வரும்.

ஐரோப்பாவில் அப்போதுதான் யுத்தம் தொடங்கியிருந்தது. ஜெர்மன்காரர் போலந்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று தினமும் காலையில் மண்டபத்தில் போலந்துக்காக ஜெபித்தோம். பின்னேரங்களில் கம்பளிக் காலுறை பின்னினோம். கொழும்பு வெக்கையில் கம்பளி நூல் விரல்களில் பிசுபிசுக்கும். போலந்து எங்கே இருக்கிறது என்று எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

அதைக் கண்டுதான் ஒருநாள் மிஸ் டோரதி பாடப் புத்தகத்தை மூடி வைத்தார்.

பாரிஸ் நகரத்தில், ஈரம் ஊறிய ஒரு சின்ன அறையில், ஒரு பெண்ணும் அவருடைய கணவரும் வேலை செய்தார்கள். அவர்களிடம் இருந்தது சுரங்கத்திலிருந்து வந்த ஒரு கரிய தாது. அதில் யுரேனியம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யுரேனியத்திலிருந்து வரவேண்டிய கதிரைவிட அந்தக் கல்லிலிருந்து வந்த கதிர் மிக அதிகம். அப்படியானால் உள்ளே வேறெதுவோ இருக்கிறது. கல்லை அரைத்து, அமிலத்தில் கரைத்து, பிரித்துப் பிரித்துப் போனார்கள். கடைசியில் எஞ்சியதில் ஒரு புதிய மூலகம் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார்கள். அதைத் தனியாக எடுக்க அவர்களால் முடியவில்லை. கண்ணால் காணவும் இல்லை. ஆனாலும், அப்படி ஒன்று இருப்பது நிச்சயமானால் அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைக்கவேண்டும் என்று எழுதினார்கள். அது அந்தப் பெண் பிறந்த நாட்டின் பெயர்.

“அப்போது போலந்து என்று ஒரு நாடே இருக்கவில்லை” என்றார் மிஸ் டோரதி. “மூன்று பேரரசர்கள் அதைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டார்கள். எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சொந்தப் பாஷையில் படிக்கக்கூட விடவில்லை.”

லெட்சுமி கையை உயர்த்தினாள். “மிஸ், கண்ணால் காணாத பொருளுக்கு, இல்லாத நாட்டின் பெயரா?”

“ஓம், லெட்சுமி. வரைபடத்திலிருந்து ஒரு பெயரை அழிக்கலாம். இந்த அட்டவணையிலிருந்து யாராலும் அழிக்க முடியாது. அதற்காகத்தான் வைத்தார்.”

சொல்லும்போது மிஸ்ஸின் கண் கலங்கியது. நாங்கள் எல்லோரும் கண்டோம். அன்று பின்னேரம் லெட்சுமி தன்னுடைய காலுறையை இரண்டு மடங்கு வேகமாகப் பின்னினாள். “அந்தம்மா எவ்வளவு கோவமா இருந்திருந்தா இப்படி ஒரு பேர் வச்சிருக்கும்!” என்றாள். எனக்கு அது வீரமாகப் பட்டது, துக்கமாகப் பட்டது. கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத்தான் தோன்றியது.

அவள் சொன்ன பதில்

இனி அந்த அறைக்கு வருகிறேன்.

சிரிப்பு ஓய்ந்தது. இருக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் பிரம்பை அசைத்தார். லெட்சுமி இருக்கவில்லை.

“சேர், அந்த அம்மையார் பெயர் வைத்தபோது அவருடைய நாடும் இருக்கவில்லை. அவரிடமும் யாராவது இப்படிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்” என்றாள். குரல் உயரவே இல்லை. “நான் பிறந்தது ஜிந்துப்பிட்டியில். நான் கண்டுபிடித்தால் ஜிந்துப்பிட்டியம் என்று பெயர் வைப்பேன்.”

ஜிந்துப்பிட்டியம்! ரேடியம், சோடியம் என்பதுபோல அவ்வளவு அழகாக வந்து விழுந்தது. வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தமுறை அவளோடு சேர்ந்து சிரித்தது. இன்ஸ்பெக்டரின் காது சிவந்துபோனது. பிரம்பை மேசையில் போட்டுவிட்டு வெளியேறினார்.

ஒரு மணித்தியாலம் போவதற்குள் பிரின்சிபல் அம்மையார் லெட்சுமியைக் கூப்பிட்டார். அவர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். குற்றம், அரசாங்க உத்தியோகத்தரை அவமதித்தது. தண்டனை, மறுநாள் காலை முழுப் பள்ளிக்கூடத்தின் முன்னாலும், தகப்பனை வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சோதனைக்கு இருக்க முடியாது.

நான் நேரே மிஸ் டோரதியிடம் போனேன். அவர் குழாயடியில் நின்று ஏற்கனவே சுத்தமாக இருந்த ஒரு சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மிஸ், நீங்கள் சொல்லித் தந்ததைத்தான் அவள் சொன்னாள். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். பிரின்சிபலிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

“மனோ, இன்ஸ்பெக்டருடைய அறிக்கையில்தான் என் வேலை தங்கியிருக்கிறது. வீட்டில் அம்மா படுத்த படுக்கை.”

“அப்படியென்றால் ஏன் அந்தக் கதையைச் சொன்னீர்கள்?”

அவர் குழாயைத் திரும்பவும் தண்ணீரில் பிடித்தார். அவருடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதால் கோபம் குறையவும் இல்லை.

வீட்டில் அப்பா புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். “அப்பா, இன்ஸ்பெக்டரோட ஒருக்காக் கதையுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பார்.”

“உனக்கேன் பிள்ளை இந்தத் தேவையில்லாத வேலை? இந்த இந்தியாக்காரராலதான் எங்கட ஆக்களுக்கும் கரைச்சல். சிங்கள ஆக்கள் எங்களையும் அவையளையும் ஒண்டாப் பாக்கினம்.”

“ஒண்டாப் பாத்தா என்ன?”

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். “வாயை மூடு. அவரைப் பகைச்சுக்கொண்டு நான் ஒப்பீசிலை இருக்கேலாது.”

சாப்பாட்டுத் தட்டு பாதியில் கிடந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு போனார். அன்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான் குற்றவாளி.

மண்டபத்தில்

மறுநாள் காலை வழமைபோலப் பாட்டு. வழமைபோலப் போலந்துக்காக ஜெபம். சுதந்திரம் பறிக்கப்பட்ட அந்த மக்களைக் கர்த்தர் கைவிடக்கூடாது என்று எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டோம். நான் கண்ணை மூடவில்லை.

மண்டபத்தின் பின்பக்கக் கதவருகே லெட்சுமியின் அப்பா நின்றார். வெளுத்த சேட்டின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டியிருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார்.

லெட்சுமி மேடையேறினாள். மரியாதையில்லாமல் பேசியதற்காக வருந்துகிறேன், மன்னிக்க வேண்டும் என்று பிழையில்லாத இங்கிலீஷில் சொன்னாள். நான் திருத்திக் கொடுத்த இங்கிலீஷ் இதற்கா பயன்பட்டது என்று பல்லைக் கடித்தேன்.

பிரின்சிபல் அம்மையார் திருப்தியாகத் தலையாட்டினார். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?”

பிரின்சிபலுக்குத் தமிழ் தெரியாது. மிஸ் டோரதிக்கும் வராது. பிரின்சிபல், முன்வரிசையில் நின்ற என்னை விரல் காட்டி, அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்லும்படி அழைத்தார்.

நான் அவரிடம் போனேன். அவர் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பாப்பா, எம் மக பெரிய ஆபீசர வாய்க்கு வந்தபடி பேசிருச்சுன்னு ஆள் அனுப்புனாங்க. அதுகிட்ட கேட்டா, ‘தப்பாப் பேசிட்டேம்ப்பா’ன்னு மட்டும் சொல்லுது. நாந்தான் மன்னிப்புக் கேளுன்னு சத்தம் போட்டேன். இப்ப இங்கிலீஷ்ல சொன்னது ஒண்ணும் எனக்கு வெளங்கல. அப்படி என்னதான் பாப்பா பேசுச்சு?”

மேடையைப் பார்த்தேன். லெட்சுமி எனக்குத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாள். அப்போதுதான் விளங்கியது. கப்பல் என்ற அந்தச் சொல் அப்பாவின் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டது, கப்பல் என்றது, சிரித்தது, அவள் சொன்ன பதில், ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கேட்கக் கேட்க நிமிர்ந்தார்.

“கப்பல்ல வந்தது நாந்தான். எம் மக வரலியே” என்றார். “அது பொறந்த தெருப் பேரச் சொல்லிருக்கு. அது தப்பான்னு அந்தம்மாகிட்டக் கேளுங்க.”

நான் முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி அதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிரின்சிபலின் உதடு இறுகியது. “இது விவாதம் செய்யும் இடமில்லை. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பு.”

நான் திரும்பி அவரிடம் சொன்னேன். “அவவிட்டப் பதில் இல்லை, ஐயா.”

அவர் வெறும் காலோடு, எங்கள் வரிசைகளுக்கு நடுவால், மேடைவரைக்கும் நடந்து போனார்.

“லெட்சுமி, அப்பா தெரியாம உன்னயக் கேக்க வச்சுட்டேன். கேட்ட மன்னிப்பத் திரும்ப வாங்கிக்கம்மா.”

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிரின்சிபல் பக்கம் திரும்பினாள். “மேடம், என் மன்னிப்பை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்” என்று இங்கிலீஷில் சொன்னாள். மேடையிலிருந்து இறங்கினாள். இருவரும் வந்த வழியே போனார்கள். கதவருகே அவர் செருப்பைப் போட்டுக்கொள்ளும்வரை அவள் காத்து நின்றாள்.

பிறகு

எனக்கும் தண்டனை கிடைத்தது. சில நாட்கள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அப்பா போய்ப் பேசியதும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கிளாக்கரின் மகளுக்குத் திரும்பக் கதவு திறந்தது. லெட்சுமியின் பெயரை வெட்டிவிட்டார்கள். சோதனை மண்டபத்தில் அவளுக்கு இடம் இல்லை. கெமிஸ்ட்ரிப் பாடத்தில் அந்த வருடம் முதலாவதாக வந்தவள் நான். அவள் இருந்திருந்தால் வந்திருக்கமாட்டேன்.

அந்த இன்ஸ்பெக்டர் மேலும் பெரிய பதவிக்குப் போனார். பென்சன் எடுத்தபின் மேடைகளில் தமிழர் ஒற்றுமை பற்றிப் பேசத் தொடங்கினார். வெள்ளவத்தையில் ஒரு கூட்டத்தில் மாலையோடு அவர் எழுந்து நின்றபோது நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் கணவர் பின்னால் ஓடிவந்து, தலையிடியா என்று கேட்டார்.

லெட்சுமியின் அப்பாவுக்கு வேலை நின்றது அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே. குடும்பத்தோடு ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். திருப்பி! ஒருவரை அவர் வந்த இடத்துக்குத்தான் திருப்பி அனுப்பலாம். அவள் கண்டே இராத ஓரிடத்துக்கு எப்படித் திருப்பி அனுப்புவது? இந்தச் சொல்லைப் பேப்பரில் அச்சடித்தவர்களில், வாசித்தவர்களில், ஒருவருக்காவது வாய் கூசவில்லை.

இந்தியாவுக்குக் கப்பலேறுகிறவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோகும் ரெயில் நின்ற மேடையில் பொழுது படும் நேரம் அவளைத் தேடிப் பிடித்தேன். பாய்ச் சுருள்கள், தகரப் பெட்டிகள், அழும் பிள்ளைகள். அவளுடைய அம்மா, “அங்க நமக்கு யாரு இருக்கா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுடைய அப்பா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“நீங்க அன்னைக்குச் சொல்லலன்னா பாப்பா, எம் பிள்ளையத் தப்பாவே நெனச்சுக்கிட்டுச் செத்துருப்பேன்” என்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லெட்சுமி உள்ளே இருந்து என் கையைப் பிடித்தாள். அவளுடைய கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“அழாதடி” என்றாள். “அழுதா ஆறிப்போயிரும். எனக்குக் கோவமா இருக்கு. நீயும் கோவமாவே இரு.”

ரெயில் நகர்ந்தது. அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை.

இருக்கிறேன், லெட்சுமி.